அரிசிச் சாக்கில் இரண்டு ஓட்டை

மிசிசாகா
6 நவம்பர் 1995

அன்புள்ள பேர்ணடெற் அக்கா,

மூன்று தரம் ரெலிபோன் எடுத்தேன். மூன்று தரமும் அத்தான்தான் தூக்கினார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். ஸ்காபரோவில் இருக்கும் சொந்த அக்காவுக்கு மிசிசாகாவிலிருந்து முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். கிழிக்காமல் வாசியுங்கள்.

மெலனியின் கை எப்படி இருக்கிறது? இரவில் வலிக்கிறது என்று அழுகிறாளா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? கடைசிக் கேள்விக்குப் பதில் வேண்டாம்.

நடந்ததை நான் ஒருதரம் முழுதாகச் சொல்ல வேண்டும். அன்று வேலையால் வந்து, வாடகைக்கு இருந்த அந்த நிலத்துக்குக் கீழ் பேஸ்மென்ரில் சரிந்து கிடந்தேன். ஆறு மணி இருக்கும். கதவில் தட்டினார்கள். பிள்ளைகள் வேசம் போட்டு இனிப்புக் கேட்டு வருகிற ஹலோவீன் நாள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. திறந்தால் படியில் ஒரு சாக்கு நிற்கிறது. தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. "ஆர்?" என்று கேட்டேன். சத்தம் இல்லை. மேலும் கீழுமாகத் தலையை ஆட்டியது.

உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஊரில் ஆமி சுற்றிவளைத்து ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்ட அன்று, ஜீப்பில் அப்படி ஒருவனைத்தானே இருத்தி வைத்திருந்தார்கள். தலையாட்டி. அவன் தலையை ஆட்டினால் எதிரில் நிற்பவன் போனான். அத்தானின் தம்பி எட்மன் அப்படித்தான் போனான். அந்த மைதானத்தில் இருந்தவன் எவனுக்கும் அந்த இரண்டு ஓட்டையும் மறக்காது.

நான் தள்ளினேன். பலத்தோடுதான் தள்ளினேன். "மாமா!" என்று கத்திக்கொண்டு சீமெந்துப் படியில் விழுந்தபிறகுதான் அது எங்கள் பிள்ளை என்று தெரிந்தது. ஓடி வந்து தூக்கியது நீங்கள். நான் கதவுக்குள்ளேயே நின்றேன். அதை நினைக்கத்தான் இன்னும் கூடுதலாக வெட்கமாக இருக்கிறது.

அந்த பேஸ்மென்ரில் அடுத்த நாள் என்னால் இருக்க முடியவில்லை. விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற எங்கள் வேலையிடத்தில் இராஜரட்ணம் அண்ணை என்று ஒருவர். அவர் வீட்டில் ஓர் அறை தந்திருக்கிறார். மேலே உள்ள விலாசம் அதுதான்.

பிள்ளைக்கு ஒரு பெட்டி சொக்லேற் அனுப்பட்டுமா? கேட்காமல் அனுப்பப் பயமாக இருக்கிறது.

தம்பி
நீக்கிலாஸ்

---

ஸ்காபரோ
20 நவம்பர் 1995

நீக்கிலாஸ்,

சொக்லேற் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரக்கப்பட்டுக் கொண்டுவந்து கொடுத்ததே ஒரு பை நிறைய இருக்கிறது. அதைச் சாப்பிட்டுத்தான் பல்லும் கெடப்போகிறது.

முழங்கைக்குக் கீழே முறிவு. வலது கை. ஆறு கிழமைக்கு மாவுக்கட்டு. சாப்பாடு நான் தீத்துகிறேன். இடது கையால் எழுதப் பழகுகிறாள், அதுவும் அவளுக்கு விளையாட்டாக இருக்கிறது. பிள்ளைக்கு இல்லாத கோபத்தையும் சேர்த்து நான் சுமக்கிறேன்.

வகுப்பு ரீச்சர் என்ன நடந்தது என்று கேட்பா என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே, "படியிலை வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தேன். மெலனி என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, அது லை எல்லோ, பொய்?" என்று கேட்டாள். ஏழு வயது. வருகிற வருடம் கோயிலில் முதல் நன்மை எடுக்கப்போகிற பிள்ளை. முதல் பாவசங்கீர்த்தனத்தில் அவள் சொல்லப்போகிற முதல் பாவம் என்னுடையது.

அத்தானின் பேச்சை அப்படியே எழுதுகிறேன். "உன்ரை தம்பி இந்த வாசலை மிதிச்சா நான் மனுசனா இருக்கமாட்டன்." அதோடு விட்டாரா? "பயம் எல்லாருக்கும் இருக்கு. நானும் அந்த வரிசையிலை நடந்தனான். இவனுக்கு மட்டும் ஏன் உப்பிடி ஒரு பயம்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியாது என்று சொன்னேன்.

எந்தப் பேய் இந்தப் பண்டிகையைக் கண்டுபிடித்ததோ! நாங்கள் நவம்பர் இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் நாளில் சேமக்காலைக்குப் போய், கல்லறைகளைக் கூட்டி மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொல்லுகிற சனம். செத்தவர்களை வைத்துப் பகிடி விடத் தெரியாது. இங்கேயும் அந்தப் பூசைக்கு வருடா வருடம் போகிறோம். உன்னைத்தான் ஒரு வருடமும் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட நேரம் இருக்கும், அந்தப் பூசை நாளைக்கு மட்டும் உனக்கு வேலை வந்துவிடும்.

இனிமேல் எழுதாதே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அதை எழுத மறந்துபோனேன் என்று வைத்துக்கொள்.

பேர்ணடெற்

---

மிசிசாகா
11 பெப்ரவரி 1996

அன்புள்ள அக்கா,

நீங்கள் மறந்த அந்த ஒரு வரியை நம்பி மறுபடி எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு மேல் யோசித்தேன் என்றால் யோசித்துப் பாருங்கள் என் தைரியத்தை.

எந்தப் பேய் கண்டுபிடித்தது என்று கேட்டிருந்தீர்கள். வேலை இல்லாத நாட்களில் இங்குள்ள நூலகத்துக்குப் போய்த் தேடினேன். என் இங்கிலீசுக்குச் சின்னப்பிள்ளைகளின் பகுதிதான் சரி. முழங்கால் நாடியில் இடிக்கிற ஒரு குட்டிக் கதிரையில் இருந்து, படம் போட்ட புத்தகங்களாக வாசித்தேன். அந்தப் பிள்ளை என் கதவுக்கு என்ன செய்ய வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதலாவது செய்தி உங்களுக்குப் பிடிக்காது. இது எங்கள் நாள்தான் அக்கா. நவம்பர் முதலாம் திகதி சகல புனிதர் திருநாள். அதற்கு முந்தின மாலைக்குத்தான் ஹலோவீன் என்று பெயர். அதற்கும் முந்தி, அயர்லாந்துப் பக்கத்துக்குச் சுவாமிமார் போகாத காலத்திலேயே, அங்கே அறுவடை முடிந்து மாடுகளைப் பட்டிக்குக் கொண்டுவருகிற அந்த நாளோடு வருடம் முடிந்துவிடுமாம். பழைய வருடமும் புது வருடமும் முட்டிக்கொள்கிற அந்த ஒரு மாலையில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். வீட்டுச் செத்தவர்களுக்காகக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விட்டு, மேசையில் ஒரு தட்டுச் சாப்பாடும் வைப்பார்களாம். கோபத்தோடு அலைகிற ஆவிகளும் வரும் அல்லவா? அதுகள் தங்களை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று, வெளியில் போகிறவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்களாம்.

இந்த இடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். மைனஸ் பதினைந்தில் கோட்டும் இல்லாமல்.

பிறகு வந்து மிச்சத்தையும் வாசித்தேன். இங்கிலாந்தில் ஏழைகள் அந்த நாட்களில் வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டில் செத்தவருக்காகச் செபிக்கிறோம், அடுப்பில் சுட்ட ஒரு பணிஸ் தாருங்கள்" என்று கேட்பார்களாம். ஒரு பணிசுக்கு ஒரு ஆத்துமாவுக்கான செபம். அதுதான் வரவர இனிப்புச் சேர்க்கிற விளையாட்டாக வந்ததாம். பூசணிக்காய் விளக்கு இந்தப் பக்கத்துச் சேர்க்கை. அங்கே டேர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்களாம், மெலனிக்குச் சொல்லுங்கள். நானும் ஒன்றை வாங்கிக் குடைந்து பார்த்தேன். விரலில் வெட்டு விழுந்ததுதான் மிச்சம். இராஜரட்ணம் அண்ணை அந்தக் கிழங்கைச் சாம்பாரில் போட்டுவிட்டார்.

ஒரு வீட்டு வாசலில் அந்தப் பணிஸ் கிடைக்க வேண்டுமென்றால், அந்த வீட்டில் ஒருவர் செத்துப்போனார் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தான் எட்மனின் பெயரைப் பூசைக்குக் கொடுக்கிற செத்தவர் பட்டியலில் எழுத விடுவதில்லை. வருவான் என்கிறார். அதைப் பற்றி நான் ஒருநாள் உங்களுக்கு எழுத வேண்டும். இன்றைக்கு எழுத வரவில்லை.

நீக்கிலாஸ்

---

ஸ்காபரோ
10 மார்ச் 1996

நீக்கிலாஸ்,

செத்தவர்கள் வீட்டுக்கு வருகிற கதையையும் டேர்னிப் கதையையும் மெலனிக்குச் சொன்னேன். "யக்" என்றாள். கை பொருந்திவிட்டது. கொஞ்சம் வளைவாக இருக்கிறது, வளர வளரச் சரியாகும் என்று டொக்டர் சொல்கிறார்.

தவக்காலம். எழுத வரவில்லை என்று நீ நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன்.

சுற்றிவளைப்புக்கு மூன்று நாளுக்கு முன்னமே உன்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். எட்மனைக் கொண்டுபோனதற்கு அடுத்த நாள் பின்னேரம் உன்னை விட்டார்கள். நீ ஒரு கண் மூடி, முகம் வீங்கி வந்தாய். கிணற்றடியில் வைத்து நான்தான் உனக்கு முழுக வார்த்தேன். உன் தலைமயிருக்குள் சணல் நார் இருந்தது. காதுக்குப் பின்னால், தாடிக்குள், எல்லா இடத்திலும். எண்ணெய் தடவி ஒவ்வொன்றாக எடுத்தேன். "என்னடா இது?" என்று நான் கேட்கவில்லை. நீ சொல்லவும் இல்லை. எடுத்ததை அடுப்பில் போட்டேன். அந்தக் கிழமை எங்கள் ஊரில் சாக்குக்குள் இருந்தவன் ஒரே ஒருவன்தான்.

இத்தனை வருடம் அந்த நாரை வாய்க்குள் வைத்துக்கொண்டு அத்தானுக்குச் சோறு போட்டேன். நீ அவருக்குப் பக்கத்தில் இருந்து பகிடி சொல்லிச் சாப்பிட்டாய்.

போன ஒக்ரோபரில் அவர் ஒரு குளிர்ச்சட்டை வாங்கி வந்தார். நீல நிறம், தொப்பி வைத்தது. "ஆருக்கு?" என்று கேட்டேன். "எட்மன் வந்து இறங்கிறது தை மாசமெண்டா என்ன செய்யிறது? எயாப்போட்டிலையே விறைச்சுப்போவான்" என்றார். அதை அலுமாரியில் தன்னுடைய சட்டைக்குப் பக்கத்தில் கொழுவினார். அலுமாரியைத் திறக்கிற நேரமெல்லாம் உன் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் மெலனி பேய் வேசம் கேட்டாள். வீட்டில் பழைய வெள்ளை பெட்ஷீட் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. பஸ்மதி அரிசி வந்த சணல் சாக்கை எடுத்தேன். கத்தரிக்கோலை எடுத்து இரண்டு ஓட்டை வெட்டினேன். "நீக்கி மாமா ஆர் எண்டு கேட்டா வாய் திறக்காதை. தலையை மட்டும் ஆட்டு" என்று சொல்லிக்கொடுத்தது நான். உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று றோட்டுக் கரையில் நின்றேன். பார்த்தேன். எனக்கு வேண்டியது கிடைத்தது. பிள்ளையின் கை போயிற்று.

நீ தள்ளியது ஒரு கணம். நான் அந்தச் சாக்கை வெட்டி, விளிம்பு தைத்து, அளவு பார்த்தது ஒரு பின்னேரம் முழுக்க. "உன்ரை தம்பி" என்று அவர் உன்னைத் திட்டும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு மரக்கறி வெட்டுகிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். எட்மன் உயிரோடு இருக்கிறானா?

அக்கா

---

மிசிசாகா
5 ஏப்ரல் 1996, பெரிய வெள்ளி

அக்கா,

இல்லை.

இனி முழுவதையும் எழுதுகிறேன்.

மூன்று நாளும் அடித்தார்கள். அதைச் சொல்லி நான் தப்பப் போவதில்லை. அடி வாங்கியும் தலையை ஆட்டாத ஆட்கள் இருந்தார்கள். நாலாம் நாள் காலையில் சாக்கைப் போட்டு ஜீப்பில் இருத்தினார்கள். வெங்காயச் சாக்கு. மூச்சு எடுக்க முடியாது. ஒருவருக்கும் ஆட்டுவதில்லை என்றுதான் அதற்குள் இருந்து முடிவெடுத்தேன். கடவுளுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், அறுபது எழுபது பேர் எனக்கு முன்னால் போனார்கள். அத்தானும் போனார். நான் அசையவில்லை.

பிறகு எட்மன் வந்தான். மற்ற எல்லோரும் சாக்கின் ஓட்டையைப் பார்த்துப் பயந்துகொண்டு போனார்கள். அவன் குனிந்து என் காலைப் பார்த்தான். அதற்கு முதல் கிழமை பந்தடிக்கும்போது என் பெருவிரல் நகம் கழன்றது. அவன்தான் தன் சாரத்துக் கரையைக் கிழித்துக் கட்டிவிட்டான். அந்தத் துணி அப்போதும் என் காலில் இருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீக்கி" என்றான், மெதுவாக. அவன் முகத்திலிருந்த பயம் போய்விட்டது அக்கா. உள்ளே இருப்பது நான் என்று தெரிந்ததும் தனக்கு ஒன்றும் வராது என்று நினைத்துவிட்டான். சிரிப்பு வரப் பார்த்தது அவனுக்கு.

எனக்கு அந்த நேரம் தோன்றியது ஒன்றுதான். இவனுக்குத் தெரிந்துவிட்டது, ஊருக்குச் சொல்லப்போகிறான், நீக்கிலாஸ்தான் தலையாட்டி என்று அம்மா காதில் விழப்போகிறது. தலையை ஆட்டினேன். யாரும் என் தலையைப் பிடித்து அமத்தவில்லை. நான் தலையாட்டியது அந்த ஒருவனுக்குத்தான்.

அடுத்த நாள் காலையில் பிடித்து வைத்திருந்த எங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, செத்துக் கிடந்த ஒரு ஆளைத் தூக்கி லொறியில் போடச் சொன்னார்கள். நான் கால்பக்கம் பிடித்தேன். கிழிந்த சாரக்கரையைப் பார்த்துத்தான் யார் என்று தெரிந்தது. எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது. அதனால் மெழுகுதிரி கொளுத்தக் காட்டுவதற்கு என்னிடம் ஒரு இடமும் இல்லை.

செத்தவன் அடையாளம் காணாமல் இருக்க முகத்தை மூடினார்கள் என்று புத்தகத்தில் வாசித்தபோது நான் ஏன் எழும்பிப் போனேன் என்று இப்போது விளங்கும். என்னை அவன் உயிரோடு இருக்கும்போதே அடையாளம் கண்டுவிட்டான்.

மெலனியின் கையை நீங்கள் உங்கள் தலையில் போடாதீர்கள். நீங்கள் வெட்டியது பொய்யான சாக்கு.

இந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று நீங்களே முடிவெடுங்கள்.

நீக்கிலாஸ்

---

ஸ்காபரோ
22 செப்டெம்பர் 1996

நீக்கிலாஸ்,

ஐந்து மாதமாக உன் கடிதம் அரிசி வாளிக்குள் பொலித்தீன் பையில் கிடக்கிறது. அவர் ஒருநாளும் கை வைக்காத இடம் அதுதான். தினமும் அரிசி அள்ளும்போது கை அதில் முட்டும். ஐந்து மாதமும் நான் உன்னை வெறுத்தேன். எழுதிவிட்டேன், இனி அது என் வயிற்றுக்குள் இருக்காது.

அவருக்குச் சொல்ல ஐந்து தரம் வாயைத் திறந்தேன். ஒருமுறை, "என்னப்பா?" என்று ஆசையாகக் கேட்டார். "உப்புக் காணுமோ?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

போன கிழமை செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இன்னொரு கடிதம் போடவேண்டும் என்று, எட்மனின் அடையாளங்களைத் தான் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். உயரம், நிறம், நெற்றியில் தழும்பு. "இப்ப முப்பத்தைஞ்சு வயது, தலைமயிர் கொட்டியிருக்கும், அதையும் போடு" என்றார். நீக்கிலாஸ், அவர் அவனுக்கு வயது போக வைத்துக்கொண்டிருக்கிறார். இதை இனி என்னால் பார்க்க முடியாது.

நீ வந்து சொல்ல வேண்டும். கடிதத்தால் இல்லை, ரெலிபோனால் இல்லை. நேரே.

ஒரு வழி இருக்கிறது. ஹலோவீன் அன்று கதவைத் திறந்து இனிப்புக் கொடுக்கிற வேலை எங்கள் வீட்டில் அவருடையது. அதில் அவருக்கு ஒரு சந்தோசம், பிள்ளைகளை நிற்பாட்டி வைத்து "நீ ஆர்? நீ ஆர்?" என்று கேட்பார். மெலனி ஒரு சட்டம் சொல்கிறாள்: வாசல் விளக்கு எரிந்தால் யாரும் தட்டலாம், அணைத்திருந்தால் தட்டக்கூடாது. அன்று யார் தட்டினாலும் திறக்கத்தான் வேண்டுமாம். ஆறு மணிக்கு வா. விளக்கு எரியும். மெலனியை நான் பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். இந்தமுறை அவளுக்கு நர்ஸ் வேசம், முகம் திறந்தபடி.

நீயும் முகத்தைத் திறந்துகொண்டு வா. மவ்ளரைக்கூடக் கட்டாதே.

அக்கா

---

மிசிசாகா
12 ஒக்ரோபர் 1996

அக்கா,

வருகிறேன். பயமாக இருக்கிறது, வருகிறேன்.

வேலையிடத்தில் லீவு கேட்டேன். "ஹலோவீனுக்கோ? உமக்குப் பிள்ளை குட்டி ஒண்டும் இல்லையே" என்று இராஜரட்ணம் அண்ணை சிரித்தார். ஒரு வீட்டில் செத்தவருக்காகச் செபிக்கப் போகவேண்டும் என்று சொன்னேன். மனுசன் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஒன்று கேட்கிறேன். நான் என்ன சொன்னாலும் நீங்கள் குறுக்கே வந்து எதையும் சேர்க்கக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணித் தாருங்கள்.

நீக்கிலாஸ்

---

ஸ்காபரோ
3 நவம்பர் 1996

நீக்கிலாஸ்,

நீ படியில் நின்று சொன்னதை நான் முழுவதும் கேட்டேன். மெலனியைப் பக்கத்து வீட்டு யூஜினியோடு அனுப்பிவிட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் கதவைச் சாத்தியதை நீயே பார்த்தாய். அதற்குப் பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

விளக்கை அணைப்பார் என்று நினைத்தேன். அணைக்கவில்லை. பிள்ளைகள் வந்து தட்டத் தட்டத் திறந்தார். எலும்புக்கூடு வந்தது, சூனியக்காரி வந்தது, தொப்பி போட்ட ஒரு குட்டிப் பொலிஸ் வந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு இனிப்புப் போட்டார். ஆனால் ஒருவரையும் "நீ ஆர்?" என்று கேட்கவில்லை. இனிப்புச் சட்டி காலியானதும் விளக்கை அணைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து அந்த நீலச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். விலைத்துண்டு இன்னும் அதில் தொங்கியது. அதைப் பிய்த்து எறிந்தார். இன்று காலை கோயிலில், ஏழைகளுக்கு உடுப்புச் சேர்க்கிற பெட்டிக்குள் சட்டையை வைத்தார். அவர் அழுத சத்தத்தை நான் உனக்கு எழுதமாட்டேன்.

நேற்று ஆத்துமாக்கள் நாள் பூசை. உனக்குத் தெரியும், வாசலில் ஒரு தாள் தருவார்கள், செத்தவர்களின் பெயரை எழுதிப் பீடத்துக்கு முன்னால் உள்ள கூடைக்குள் போட்டால் கார்த்திகை மாதம் முழுக்கப் பூசையில் செபிப்பார்கள். ஐந்து வரி இருக்கும். அவர் வழக்கம்போலத் தன் தகப்பன், தாய் பெயரை எழுதினார். மூன்றாவது வரியில் எட்மனின் பெயரை எழுதினார். பத்து வருடத்தில் முதல்தரம். பேனையை என்னிடம் தருவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. நாலாவது வரியில் எழுதினார், நீக்கிலாஸ் என்று. மடித்துக் கூடைக்குள் போட்டார்.

காருக்குள் வைத்து, "அவன் உயிரோடை இருக்கிறான் எல்லோ?" என்று கேட்டேன்.

"ஆர்?" என்று கேட்டார்.

அந்த நாலாவது வரி சாபமா செபமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

இனி என் விசயம். நீ அன்று எட்மனைப் பற்றி எல்லாம் சொன்னாய். மெலனியைத் தள்ளியதற்கும் மன்னிப்புக் கேட்டாய். சணல் நாரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அந்தச் சாக்கை ஏன் வெட்டினேன் என்று சொல்லவில்லை. "அக்காவுக்கு ஒண்டும் தெரியாது" என்று மட்டும் சொன்னாய். இந்தமுறை நீ தலையை ஆட்டவில்லை. நான் கதவுக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். உனக்குப் பண்ணித் தந்த சத்தியத்தைக் காரணம் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் தாளில் ஐந்தாவது வரி வெறுமையாகத்தான் இருந்தது.

தாள் கூடைக்குள் போக முன்னம் மெலனி அதை வாசித்துவிட்டாள். அவர் இங்கிலீசில்தானே எழுதுவார். வீட்டுக்கு வந்து, "மாமான்ரை நேம் ஏன் டெட் பீப்பிள் லிஸ்ற்றிலை கிடக்கு?" என்று கேட்டாள். நான் அவளின் கோட்டுப் பொத்தானைக் கழற்றினேன். பிறகு, "அப்ப ஹலோவீனுக்கு வருவார், என்ன?" என்றாள்.

வீட்டுச் செத்தவர்களுக்குக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விடுகிற நாள் என்று நீதான் எழுதினாய். அடுத்த வருடம் ஒக்ரோபர் முப்பத்தோராம் திகதி ஆறு மணிக்கு வா. அதற்குள் என் பங்கை அவருக்கு நான் சொல்லியிருப்பேன். சொன்னபிறகும் இந்த வீட்டில் எனக்கு இடம் இருந்தால், வாசல் விளக்கைப் போட்டு, மேசையில் ஒரு தட்டுப் புட்டும் வைப்பேன். விளக்கு எரியாவிட்டால் தட்டாதே. அங்கேயே றோட்டுக் கரையில் நில். நானும் வெளியில்தான் நிற்பேன்.

அக்கா